பதினெட்டுக் குழி எத்தனை காணி?

நம் பக்கத்தில் குழி என்றால் நிலம். 576 சதுர அடி ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. வில்லியனூரிலும் பாகூரிலும் நாற்றுப் பறித்து நட்டுப் பழகிய எவரையும் இந்தக் கணக்கில் ஏமாற்ற முடியாது. பதினெட்டுக் குழி இருக்கிறது என்று ஒரு விவசாயத் தொழிலாளி சொன்னால், கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, ஒரு வீடு கட்டிப் பின்னால் இரண்டு தென்னை வைத்து ஒரு கறவை மாடும் கட்டலாம் என்று கேட்பவர் மனத்தில் கணக்கு ஓடும். அந்தப் பதினெட்டுக் குழிகூட இல்லாதவர்கள்தான் நம்மில் அதிகம்.

சீமான்களின் பாஷையில் பதினெட்டுக் குழி என்றால் வேறு. அது கோல்ப் விளையாட்டு. தரையில் நாலேகால் அங்குல அகலத்தில் ஒரு குழி. அதில் ஒரு சிறு வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்துத் தள்ள வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். பதினெட்டையும் சேர்த்து அளந்தால் இரண்டு சதுர அடி வராது. ஆனால் அந்த இரண்டு சதுர அடிக்காக வளைத்துப் போடும் நிலம் நூறு ஏக்கர், நூற்றைம்பது ஏக்கர். நம் கணக்கில் நூற்றைம்பது ஏக்கர் என்பது 113 காணி. குழிக்கு ஆறு காணிக்கு மேல் ஆகிறது!

உழைப்பாளிகள் படிக்கும் பத்திரிகையில் கோல்ப் பற்றி என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். மில்லில் ஷிப்டு முடித்து வந்தவனுக்கும், களை வெட்டிவிட்டு முதுகு நிமிராமல் வந்தவளுக்கும் இதனால் ஆகப்போவது என்ன? நியாயமான கேள்வி. விளையாடுகிறவன் யார் என்பதைப் பற்றி மட்டும் பேசுவதானால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். நிலம் யாருடையது, தண்ணீர் யாருடையது, அந்தப் புல்லை வெட்டுகிற கை யாருடையது, அந்தக் கைக்கு யூனியன் உண்டா, போனஸ் உண்டா என்ற கேள்விகள் இருக்கின்றன. அவை நம் கேள்விகள்.

முதலில் விளையாட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். இது சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று சிலர் கேலி செய்கிறார்கள். அது சரியல்ல. நம் பிள்ளைகள் தெருவில் மூன்று குழி தோண்டிக் கோலி ஆடுகிறார்கள் அல்லவா, அதற்கு எவ்வளவு கண்ணும் கையும் வேண்டும்? அதே வித்தைதான் இது. விரலுக்குப் பதில் கோல், மூன்று குழிக்குப் பதில் பதினெட்டு, பத்தடிக்குப் பதில் நானூறு கஜம். பதினெட்டையும் முடிக்க மூன்றரை, நான்கு மைல் நடக்க வேண்டும். காட்டுக்குள் அமைந்த மைதானம் என்றால் இன்னும் கடினம். இரண்டு பக்கமும் மரம், நடுவில் ஒடுக்கமான புல் பாதை. பந்து கொஞ்சம் விலகினால் புதருக்குள் போய்விடும். அங்கிருந்து கோலை ஓங்க இடமிருக்காது, கிளை தட்டும். நேராக அடிக்கலாமா, பாதி தூரம் அடித்து நிறுத்தலாமா, மரத்தைச் சுற்றி வளைத்து அடிக்கலாமா என்று ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க வேண்டும். வெறும் பலம் உதவாது, பொறுமை வேண்டும். மனிதனின் கண்ணும் கையும் புத்தியும் சேர்ந்து வேலை செய்யும் எந்த விளையாட்டையும் நாம் இகழ வேண்டியதில்லை.

நம் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் மலைமேல் இருக்கின்றன. கொடைக்கானலில் 1895-ல் கோல்ப் கிளப் தொடங்கினார்கள். ஊட்டியிலும் அதே பத்தாண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார் கோலோடு கிளம்பினார்கள். கொடைக்கானலில் ஆட்டத்தின் நடுவே காட்டெருமை வந்து புல் மேயும். ஆடுகிறவர்கள் கோலை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். ஊட்டியில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு முட்புதர் பந்தை விழுங்கும். அந்தப் புதர்கூட நம் மலையில் பிறந்ததல்ல. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. இன்று நீலகிரிப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது.

புல்வெளி என்றேன். துரைமார் அந்த மேட்டு நிலத்தைப் பார்த்தபோது, அடடா, நம் சீமையைப் போலவே இருக்கிறதே, ஆள் நடமாட்டம் இல்லாத வெற்று நிலம் என்று மகிழ்ந்தார்கள். வெற்று நிலமா அது? தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த நிலம். மேலே புல், மடிப்பில் சோலைக்காடு என்று இரண்டும் சேர்ந்து மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடையாக விடும் நிலம். 1891 முதல் 1896 வரை சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரை அந்தப் புல்வெளிக்குச் சூட்டினார்கள். அங்கே வேட்டைநாய்களை விட்டுக் குதிரையில் ஏறித் துரத்தினார்கள். இங்கிலாந்தில் துரத்தும் நரி இங்கே இல்லாததால் குள்ளநரியைத் துரத்தித் திருப்திப்பட்டார்கள் என்பது வேறு கதை! மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் பைக்காராவில் மின்சாரமாகி 1930களில் கோயமுத்தூர் மில்களுக்கு வந்தது. மேலே துரை பந்தடித்த மலையிலிருந்துதான் கீழே தறி ஓடுவதற்குச் சக்தி வந்தது. இயற்கைக் காடு என்று விளம்பரத்தில் எழுதுகிறவர்கள், அந்தக் காடு யாருக்கு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை எழுதுவதில்லை.

இனி டில்லிக்கு வாருங்கள். மரங்கள் அடர்ந்த கடினமான மைதானம் என்று இந்தியாவில் பேரெடுத்தது டில்லி கோல்ப் கிளப். நகரத்தின் நடுவே, நூற்றைம்பது ஏக்கருக்கு மேல் சர்க்கார் நிலம். முட்புதர்க் காடு, மயில்கள், முகலாயர் காலத்துக் கல்லறை மண்டபங்கள். பாதை ஒடுங்கிக் கிடப்பதால் பெரிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் அங்கே திணறுவார்கள். உறுப்பினராக மனுப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காட்டை உண்மையில் வென்றவர்கள் யார் தெரியுமா? 1991-ல் இந்தியன் ஓப்பன் போட்டியில் அலி ஷேர் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். அவர் சீமான் வீட்டுப் பிள்ளை அல்ல; அதே மைதானத்தில் அடுத்தவர் பையைத் தோளில் சுமந்து நடந்தவர். 2008-ல் அதே டில்லி மைதானத்தில் ஐரோப்பிய, ஆசிய ஆட்டக்காரர்களை முறியடித்து இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வாங்கியவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. கல்கத்தாவில் 1829-ல் தொடங்கிய ராயல் கோல்ப் கிளப்பில் புல் பராமரித்த தொழிலாளியின் மகன். பிறகு 2016-லும் 2017-லும் இந்தியன் ஓப்பனையும் வென்றார். மைதானத்தின் மேடு பள்ளத்தை, காற்று திரும்பும் இடத்தை, பனி ஈரத்தில் பந்து எப்படி ஓடும் என்பதை, புல் வெட்டுகிறவன் அறிந்த அளவு யார் அறிவார்? நெசவின் நுட்பம் தறிக்காரனுக்குத் தெரிகிறது, மில் டைரக்டருக்குத் தெரிவதில்லை. அதே கதைதான்.

பை சுமக்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் ‘கேடி’ என்று பெயர். நம் ஊரில் போலீஸ் ஸ்டேஷனில் யார் பெயரைக் கேடி என்று எழுதி வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. நடத்தும் விதம் அவ்வளவு தற்செயலானது அல்ல. ஒரு பையில் பதினான்கு கோல் வரை இருக்கும். அதைச் சுமந்துகொண்டு நான்கு மைல் நடக்க வேண்டும். பந்து போன இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்து, புதருக்குள் புகுந்து தேட வேண்டும். எந்தக் கோலை எடுக்கலாம் என்று ஆலோசனையும் சொல்ல வேண்டும். அடி சரியாக விழுந்தால் ‘சாபாஷ்’ துரைக்கு. தப்பினால் திட்டு பையனுக்கு. பெரும்பாலான இடங்களில் இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. மழை பெய்து ஆட்டம் நின்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. நடவு இல்லாத மாதத்தில் நம் வீட்டில் என்ன நடக்குமோ அதுவேதான்.

2017 ஜூன் மாதம் அதே டில்லி கிளப்பில் இன்னொரு சம்பவம் நடந்தது. மேகாலயாவைச் சேர்ந்த காசி இனப் பெண் ஒருவர், தான் வேலை பார்க்கும் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார். அழைக்கப்பட்டுத்தான் வந்தார். தம் இனத்தின் மரபு உடையை உடுத்தியிருந்தார். வேலைக்காரி மாதிரி இருக்கிறது என்று சொல்லி அவரை வெளியே போகச் சொன்னார்கள். பத்திரிகைகளில் வந்து நாடு முழுவதும் கண்டனம் எழுந்த பிறகு கிளப் வருத்தம் தெரிவித்தது. மயிலுக்கு அங்கே உடை விதி இல்லை. உழைக்கிற பெண்ணுக்கு உண்டு.

இப்போது நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்குக்கு வருகிறேன். மில் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சென்னை ஜிம்கானா கிளப், கிண்டி ரேஸ் மைதானத்துக்குள் கோல்ப் நடத்திய கிளப். 1960களில் அதில் 194 பேர் வேலை செய்தார்கள்: குமாஸ்தாக்கள், பட்லர்கள், பியூன்கள், மேஸ்திரிகள், காவல்காரர்கள். அவர்களுக்கு யூனியன் இருந்தது. 1962-ம் ஆண்டுக்கு போனஸ் கேட்டார்கள். கிளப் என்ன பதில் சொல்லிற்று? நாங்கள் தொழில் நடத்தவில்லை. எங்கள் உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே வசதி செய்துகொள்கிறார்கள். ஆகவே தொழில் தகராறு சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1967 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கிளப்பின் வாதத்தை ஏற்றது. கிளப் என்பது ‘தொழில்’ அல்ல என்று தீர்ப்பு வந்தது.

யோசித்துப் பாருங்கள். 194 பேர் காலை முதல் இரவு வரை சமைத்தார்கள், பரிமாறினார்கள், புல் வெட்டினார்கள், காவல் காத்தார்கள். அது தொழில் இல்லையாம். அப்படியானால் அது என்ன? அவர்களும் கூடவே விளையாடிக்கொண்டிருந்தார்களா? முதலாளி லாபத்துக்காக வேலை வாங்கினால் தொழிலாளி. சுகத்துக்காக வேலை வாங்கினால் தொழிலாளி இல்லை என்று ஆயிற்று.

பத்தாண்டுக்கு மேல் இந்த நிலை. பிறகு 1978 பிப்ரவரியில், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு இந்தச் சட்டக் கோட்டையை உடைத்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து முறையாக நடத்தும் வேலை எதுவானாலும், லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது தொழிலே என்று வந்தது. ஜிம்கானா தீர்ப்பு செல்லாததாயிற்று. கிளப்பில் தட்டுக் கழுவுகிறவருக்கும் கோர்ட் கதவு திறந்தது. அந்தக் கதவை மறுபடி சாத்த முயற்சி நிற்கவில்லை. 1978 தீர்ப்பையே திரும்பப் பார்க்க வேண்டும் என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் பெஞ்சுக்கு அனுப்பினார்கள். சீமான்களின் புல்தரை எவ்வளவு தூரம் நீள்கிறது பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டில் தொழிலாளி என்பவர் யார் என்று தீர்மானிக்கும் வழக்கில் வந்து முட்டுகிறது.

கிண்டி நிலத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மெட்ராஸ் ரேஸ் கிளப் வசம் இருந்த அந்த இடம் 160 ஏக்கருக்கு மேல். நம் கணக்கில் சுமார் 121 காணி. குதிரைப் பாதைக்கு நடுவில் கோல்ப். 1945-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். ஆண்டு வாடகை எவ்வளவு? 614 ரூபாய் 13 அணா! காணிக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் ஆகிறது. பாகூரில் எந்தக் குத்தகைக்காரனுக்காவது, எந்த நிலப்பிரபுவாவது, எந்தக் கோயில் நிர்வாகமாவது காணியை ஐந்து ரூபாய்க்கு விட்டதுண்டா? ஒரு போகம் தவறினாலே நிலத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். வாடகையை உயர்த்தியதில் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று தமிழ்நாட்டு சர்க்கார் கணக்குக் காட்டிற்று. 2023 மார்ச்சில் ஐகோர்ட் பணத்தைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து இடத்துக்குச் சீல் வைத்தார்கள். மழைக்காலத்தில் வேளச்சேரி மூழ்குகிறது, ஆகவே அங்கே மழைநீர்க் குளங்களும் பொதுப் பூங்காவும் அமைப்போம் என்றார்கள். கிளப்புகள் மீண்டும் கோர்ட்டுக்குப் போயின. ஏழைகளின் குடிசை என்றால் விடியற்காலையில் புல்டோசர் வந்து, மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். சீமான்களின் புல்தரையை எடுக்க எண்பது ஆண்டு ஆயிற்று. அதற்குப் பிறகும் வழக்கு.

வெளிநாட்டிலும் இதேதான். கனடாவில் மான்ட்ரியல் நகரத்துக்குப் பக்கத்தில் ஓகா என்றொரு ஊர். அதையொட்டிக் கனேசதாகே என்ற இடத்தில் மொஹாக் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அங்கே ஒரு பைன் மரக்காடு. அருகே அவர்களின் இடுகாடு. ஓகாவில் ஒன்பது குழி கோல்ப் மைதானம் ஏற்கெனவே இருந்தது. போதவில்லையாம். காட்டை வெட்டிப் பதினெட்டுக் குழியாக்கி, பங்களாக்களும் கட்டுவோம் என்றது ஊராட்சி. மொஹாக் மக்கள் காட்டுப் பாதையில் தடுப்பு வைத்து உட்கார்ந்தார்கள். 1990 ஜூலை 11 அன்று போலீஸ் படை புகுந்தது. துப்பாக்கிச் சண்டையில் ஒரு போலீஸ்காரர் இறந்தார். பிறகு ராணுவமே வந்தது. 78 நாள் முற்றுகை! ஒன்பது குழிக்காக ஒரு நாட்டின் ராணுவம் பழங்குடிகளின் எதிரே நின்றது. கடைசியில் மத்திய சர்க்கார் அந்த நிலத்தை வாங்கிற்று. மைதான விரிவு கைவிடப்பட்டது. காடு நின்றது. ஆனால் நிலம் யாருடையது என்ற மொஹாக் மக்களின் வழக்கு அதோடு தீரவில்லை. ஐந்தாண்டு கழித்து மெக்சிகோவில் டெபோஸ்ட்லான் என்ற ஊரிலும் மக்கள் இதே காரணத்துக்காகக் கிளம்பினார்கள். 1996 ஏப்ரலில் போலீசாரின் தாக்குதலில் அங்கே ஒரு விவசாயி மாண்டார். அதன் பிறகே திட்டம் ஒழிந்தது.

சோஷலிச நாடுகள் என்ன செய்தன என்று கேட்பீர்கள். ஷாங்காயில் ஆங்கிலேயர் ஆடிய மைதானம் 1954-ல் பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அது மிருகக்காட்சிச்சாலை. ஹவானாவில் பணக்காரர்களின் கன்ட்ரி கிளப் மைதானத்தை 1961-ல் பிடலும் சே குவேராவும் கலைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். கோல் பிடித்துப் பந்தடித்த புல்தரையில் ஏழைப் பிள்ளைகள் நாட்டியமும் சிற்பமும் கற்றார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது நேர்மையாகாது. கியூபாவில் பிற்பாடு சுற்றுலா வருமானத்துக்காக வரதேரோவில் கோல்ப் மைதானம் வந்தது. சீனாவில் 2004-ல் புதிய மைதானங்களுக்குத் தடை போட்டார்கள். தடைக்குப் பிறகும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. 2017-ல் 111 மைதானங்களை மூட வேண்டிவந்தது. கொடி எந்த நிறமானாலும், அதிகாரியின் கையில் நிலம் சிக்கி மக்களின் கண் அகன்றால் இது நடக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இந்த விளையாட்டைக் கண்ணால் கண்டவர்கள் அரிது. நமக்கு ஏன் கவலை என்று இருந்துவிடலாமா? சுற்றுலாவைத் தவிர புதுச்சேரிக்கு வேறு பிழைப்பு இல்லை என்று மேடைதோறும் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் மில்களைக் காப்பாற்றவில்லை. ஏ.எஃப்.டி.யும் சுதேசியும் பாரதியும் 2020-ல் மூடப்பட்டன. மில் மூடின ஊரில் எந்தத் திட்டத்தைக் காட்டினாலும், வேலை கிடைக்கும் என்ற ஒரு வார்த்தை போதும், கை தட்டத் தோன்றும். சேதராப்பட்டு, கரசூர் பக்கத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று நூற்றுக்கணக்கான ஏக்கரை எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை. பல ஆண்டு நிலம் தரிசாகக் கிடந்தது. உழுதவனுக்கும் இல்லை, மில்காரனுக்கும் இல்லை.

இயற்கைக் காட்டுச் சூழலில் பங்களா, விடுதி, விளையாட்டு மைதானம் என்று நாளை ஒருவர் படம் போட்டுக்கொண்டு வந்தால், அந்த இயற்கைக் காட்டுக்கு எங்கே போவார்? நம் பக்கத்தில் காடு என்று மிஞ்சியிருப்பது அய்யனார் கோயில் காடுகள்தாம். வீரையும் பாலையும் ஆலும் நிற்கும் சில காணிகள். அதை விட்டால் ஏரிக்கரைகள். ஊசுடு ஏரி 2008-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. அதனால் அதற்கு ஒரு காவல் உண்டு. பாகூர் ஏரிக்கு அப்படிப் பெயர்ப்பலகை இல்லை. பெண்ணையாற்றுத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து சேர்க்கிறது. சிங்காரி, பங்காரி என்ற இரண்டு தாசிப் பெண்கள் வெட்டிய வாய்க்கால்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, வாய்க்காலை ஆண்டுதோறும் தூர் வாரியது நம் முன்னோர்களின் மண்வெட்டி. புதுச்சேரிப் பகுதியில் இப்படி 84 ஏரிகள். அவற்றின் கரையும் நீர்பிடிப்பும் ஓடையும் மேய்ச்சல் புறம்போக்கும் ரெவின்யூ ஏட்டில் ‘சர்க்கார் நிலம்’ என்ற ஒரே வார்த்தையில் அடங்கிவிடுகின்றன. ஊட்டிப் புல்வெளியைத் துரை வெற்று நிலம் என்று எழுதினானே, அந்த வார்த்தையின் தம்பிதான் இது.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுவிடலாம். மலையில் மழையும் பனியும் புல்லைக் காக்கும். சமவெளியில் சித்திரை வெயிலில் புல் பச்சையாக நிற்க வேண்டுமானால் தினமும் இறைக்க வேண்டும். மைதானத்தில் அறுபது ஏக்கர் புல்லுக்கு நாளுக்கு அரைச் சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் விட்டால் பன்னிரண்டு லட்சம் லிட்டர். கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று சர்க்காரே வகுத்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு லட்சம் லிட்டர் இருபத்திரண்டாயிரம் பேருக்குப் போதும். நெல்லுக்கும் தண்ணீர் வேண்டும்தானே என்று வாதாடுவார்கள். வேண்டும், இன்னும் அதிகமாகவே வேண்டும். ஆனால் நெல் அறுத்தால் ஊர் தின்னும். கடற்கரையோரம் போர்வெல்லில் உப்பு ஏறிவரும் பாகூர்ப் பக்கத்தில் இந்த வித்தியாசத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டே வேண்டாம் என்கிறோமா? ஒருபோதும் இல்லை. 1936 ஜூலை 30-ல் இந்தப் புதுச்சேரி மண்ணில் பன்னிரண்டு மில் தொழிலாளிகள் பிரெஞ்சு சர்க்காரின் குண்டுக்கு மாண்டார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. எட்டு மணி எதற்காக? தூங்கி எழுந்து மறுபடி மில்லுக்குப் போவதற்கு மட்டுமா? படிக்க, பாட, பிள்ளையோடு இருக்க, விளையாட. விளையாட்டு உழைப்பாளியின் உரிமை. பிரெஞ்சுக்காரன் போகும்போது விட்டுப்போன இரும்புக் குண்டு ஆட்டத்தை நம்மவர்கள் இன்றும் ஆடுகிறார்கள். அதற்கு ஒரு வேப்பமர நிழலும் பத்துப் பதினைந்து கஜம் மண்தரையும் போதும். கபடிக்கும் பெரிய இடம் வேண்டாம். ஒரு கோல்ப் மைதானத்தின் நிலத்தில் கொம்யூன் முழுவதற்கும் கால்பந்துத் திடல் அமைக்கலாம். எத்தனை கிராமத்தில் பிள்ளைகள் அறுத்த வயலில்தான், அதுவும் அடுத்த நடவு வரைதான் பந்து விளையாடுகிறார்கள்!

ஏற்கெனவே இருக்கும் மைதானங்களில் பை சுமக்கிறவருக்கும் புல் வெட்டுகிறவருக்கும் மருந்து தெளிக்கிறவருக்கும் மாதச் சம்பளம், பிராவிடண்ட் பண்டு, இ.எஸ்.ஐ., வாரத்தில் ஒரு நாள் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆடும் உரிமை ஆகியவற்றைத் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். அலி ஷேரும் சௌராசியாவும் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்த பிறகும் அந்த வாசலை மூடி வைப்பது விளையாட்டுக்கே துரோகம். சர்க்கார் நிலத்தில் உள்ள ஒவ்வொரு கிளப்பின் குத்தகைப் பத்திரமும் வாடகையும் பகிரங்கமாக வெளிவர வேண்டும். 614 ரூபாய் 13 அணா எண்பது ஆண்டு ஓடியதற்கு முதல் காரணம், அது ஊருக்குத் தெரியாமல் இருந்ததுதான்.

நம் கொம்யூன்களில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. புறம்போக்கில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று சொல்ல வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பஞ்சாயத்துகளின் காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கு மேலாகத் தேர்தலே நடத்தாமல் அதிகாரிகளை வைத்தே காரியம் நடத்தினார்கள். ஏரிக்கரையோ கோயில் காடோ, ஒரு கையெழுத்துப் போதும், கேட்க ஒரு மெம்பர்கூடக் கிடையாது என்ற நிலையில்தான் ஊர்களை வைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளை ஒரு காரியம் செய்யட்டும். தாலுகா ஆபீசில் அடங்கல் நகல் வாங்கி, தங்கள் ஊர்ப் புறம்போக்கு எத்தனை காணி, எத்தனை குழி, எல்லை எது என்று ஒரு நோட்டில் எழுதி, ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிக்கட்டும். அளக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.